"நாளை முதல் வர வேண்டாம்" என்று சொல்லப்பட்டால்

உப்புவெளி, நிலாவெளி விடுதியொன்றிலோ திருகோணமலை நகரக் கடையொன்றிலோ, விசாரணையும் கடிதமும் இன்றி உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால், மனம் வெறுத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். தொழிலாளர்-முதலாளி பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில், வேலைநீக்கத்தை முதலாளி ஒப்புக்கொண்டால் அது நியாயமானதென நிறுவும் சுமை அவருடையது. "அவராகவே விட்டுப் போனார்" என்று அவர் மறுத்தால், நீக்கப்பட்டதைக் காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். ஆகவே மறுநாளும் வேலைக்குச் செல்லுங்கள். திருப்பி அனுப்பினால், வேலை செய்யத் தயாராக இருந்தும் எந்த நாளில், யாரால் தடுக்கப்பட்டீர்கள் என்பதை எழுதி முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நிலுவைச் சம்பளத்தைக் காட்டி விலகல் கடிதத்தில் கையொப்பம் கேட்டால் இடாதீர்கள். என் கணிப்பில், வழக்குகள் பலவீனமடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

15 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனத்தில் 180 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்குவதற்கு, வேலைநீக்கத்தைக் கட்டுப்படுத்தும் இலங்கையின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்று நீக்கமென்றால், நீக்கிய நாளுக்குப் பின் வரும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

முறைப்பாட்டை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம். நியாய சபைக்கான மனுவுக்குக் காலக்கெடு உண்டு. பேச்சுவார்த்தை நடக்கிறதென்று காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள். சபை மீண்டும் வேலையில் அமர்த்தவோ இழப்பீடு வழங்கவோ கட்டளையிடலாம். சேமலாப நிதியும், ஐந்தாண்டு நிறைந்திருந்தால் பணிக்கொடையும் தனிக் கணக்கு.