விமானப் போக்குவரத்துக்கான வானிலை: மெட்டார் அறிக்கையைப் படிப்படியாக வாசிக்கக் கற்போம்

வானம் நன்றாக இருக்கிறதா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் யாரும் கேட்பதில்லை. எந்த ஓடுபாதையைப் பயன்படுத்துவது, ஒரு மணி நேரத்தில் எத்தனை விமானங்களை இறக்க முடியும், இப்போது கிளம்பும் விமானம் போய்ச் சேரும் நேரத்தில் அங்கே பார்வைத் தூரம் எவ்வளவு இருக்கும் என்பவைதான் அங்கே எழும் கேள்விகள். விமானி ஆக நினைப்பவருக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆக நினைப்பவருக்கும் வானிலைப் பாடம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மேகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மெட்டார் என்பது ஒரு விமான நிலையத்தின் அப்போதைய வானிலையைச் சுருக்கக் குறிகளில் தரும் அறிக்கை. கீழே ஒரு மாதிரி. உண்மையான அறிக்கையில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தந்திருக்கிறேன். விமான நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீட்டை விட்டுவிட்டேன்.

மெட்டார் 240930இசட் 21014ஜி26கேடி 4000 டிஎஸ்ஆர்ஏ எஃப்இடபிள்யூ015 எஸ்சிடி025சிபி பிகேஎன்090 27/25 க்யூ1006

படி 1: முதலில் நேரத்தைப் பாருங்கள்

240930இசட் என்றால் மாதத்தின் 24ஆம் நாள், உலகப் பொது நேரம் 09:30. விமானத்துறை எங்கும் இந்த ஒரே நேரக் கணக்குதான். உள்ளூர் நேரத்தோடு குழப்பிக்கொண்டால் பல மணி நேரம் பழைய அறிக்கையைப் புதியது என்று நம்பிவிடுவீர்கள்.

மெட்டார் வழக்கமாக ஒரு மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை வரும். இடையில் வானிலை சட்டென்று மாறினால் ஸ்பெசி என்ற சிறப்பு அறிக்கை வரும். ஸ்பெசி வந்திருக்கிறது என்பதே ஒரு செய்தி. அதைப் பார்த்ததும் முந்தைய அறிக்கையையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

படி 2: காற்றை ஓடுபாதையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

21014ஜி26கேடி: காற்று 210 பாகையிலிருந்து வீசுகிறது, சராசரி வேகம் 14 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்), திடீர் வீச்சு 26 நாட். எங்கிருந்து வீசுகிறது என்பதுதான் கணக்கு, எங்கே போகிறது என்பதல்ல. புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

ஓடுபாதையின் எண் அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துக் கிடைப்பது. 27 என்றால் ஏறக்குறைய 270 பாகை. காற்றுக்கும் ஓடுபாதைக்கும் இடையிலுள்ள கோணத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பக்கக்காற்றைக் கணக்கிட வேண்டும். மனக்கணக்குக்கு மூன்று எண்கள் போதும்: 30 பாகைக்குக் காற்றின் பாதி, 45 பாகைக்கு 0.7 மடங்கு, 60 பாகைக்கு ஏறக்குறைய 0.9 மடங்கு.

நம் மாதிரியில் 27ஆம் ஓடுபாதைக்குக் கோணம் 60 பாகை. சராசரிப் பக்கக்காற்று 12 நாட்டுக்கு மேல், வீச்சின்போது 23 நாட்டை நெருங்கும். அதே நிலையத்தில் 18ஆம் ஓடுபாதையும் இருந்தால் கோணம் 30 பாகைதான். பக்கக்காற்று 7, வீச்சின்போது 13. எதிர்க்காற்றும் கூடுதலாகக் கிடைக்கும். கட்டுப்பாட்டாளர் 18ஐத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். எதிர்க்காற்றில் இறங்கும் விமானத்துக்குத் தரைவேகம் குறைவு, நிற்பதற்குத் தேவைப்படும் தூரமும் குறைவு. பின்காற்றில் எல்லாம் தலைகீழ். அதனால்தான் பயணிகள் விமானங்களுக்குப் பின்காற்றின் வரம்பு பெரும்பாலும் 10 அல்லது 15 நாட்டோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மெட்டாரில் உள்ள திசை உண்மை வடக்கை வைத்துச் சொல்லப்படுகிறது, பத்து நிமிடச் சராசரி அது. இறங்க அனுமதி தரும்போது கோபுரம் சொல்லும் காற்று காந்த வடக்கை வைத்தது, இரண்டு நிமிடச் சராசரி. இரண்டும் வேறுபட்டால் எந்தக் கருவியும் பழுதாகிவிட்டது என்று பொருளில்லை.

படி 3: பார்வைத் தூரத்தையும் பனிப்புள்ளியையும் ஒன்றாகப் படியுங்கள்

4000 என்பது மீட்டரில். 9999 என்று இருந்தால் 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல். டிஎஸ்ஆர்ஏ என்றால் இடியுடன் மழை. 1000 மீட்டருக்குக் கீழே போனால்தான் மூடுபனி என்று எழுதுவார்கள். மழையில்லாமல், காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளால் 1000 முதல் 5000 வரை இருந்தால் அது இலேசான பனிமூட்டம்.

இந்த எண்ணை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். அறிக்கையின் கடைசிப் பகுதிக்குப் போய் 27/25 என்பதைப் பாருங்கள். வெப்பநிலை 27, பனிப்புள்ளி 25. காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்குமோ அதுவே பனிப்புள்ளி. இரண்டும் நெருங்க நெருங்க மூடுபனிக்கான வாய்ப்பு கூடுகிறது.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். மாலையில் 24/19. இரண்டு மணி நேரம் கழித்து 22/20. நள்ளிரவை நெருங்கும்போது 21/20. வானம் தெளிவு, காற்று 2 நாட். அப்போது பார்வைத் தூரம் 8 கிலோமீட்டர் என்று அறிக்கை சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் விடியலில் ஓடுபாதையே தெரியாமல் போகக்கூடும். தெளிந்த வானம் தரையின் வெப்பத்தை மேலே போக விடுகிறது. காற்று மெல்ல வீசுவதால் குளிர்ந்த அடுக்கு கலையாமல் தரையோடு தங்குகிறது. அந்த மூன்று அறிக்கைகளையும் வரிசையாகப் பார்த்தவருக்கு மூடுபனி முன்கூட்டியே தெரிந்திருக்கும். கடைசி அறிக்கையை மட்டும் பார்த்தவருக்குத் தெரியாது. வெயில் வந்ததும் கலைந்துவிடும் என்றும் அவசரப்படக் கூடாது. சூரியன் உதித்த சிறிது நேரத்தில் காற்று கிளறப்பட்டு மூடுபனி மேலும் அடர்வதும் வழக்கம்.

மூடுபனி ஒரு நிலையத்தின் வேகத்தையே மாற்றிவிடும். பார்வைத் தூரம் 1500 மீட்டருக்குக் கீழே போகும்போது, ஓடுபாதையின் ஓரத்தில் உள்ள கருவிகள் அளக்கும் ஓடுபாதைப் பார்வைத் தூரத்தைத் தனியாகச் சொல்வார்கள். கருவிகளின் வழிகாட்டலில் இறங்குவதில் முதல் வகைக்கு அது 550 மீட்டராவது இருக்க வேண்டும். அதற்கும் கீழே என்றால் சிறப்பு வசதியுள்ள ஓடுபாதையும், அதற்கேற்ற விமானமும், பயிற்சி பெற்ற விமானிகளும் தேவை. இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு நன்றாக விலகிய பிறகே அடுத்ததை அனுமதிக்க முடியும். அதனால் விமானங்களுக்கு இடையே இடைவெளி கூடுகிறது, வானில் காத்திருப்போர் வரிசை நீள்கிறது.

1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபே தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அங்கே தரை ரேடார் இல்லை. மேகம் தவழ்ந்து வந்து ஓடுபாதையை மூடியிருந்ததால் கோபுரத்துக்கு இரண்டு விமானங்களும் தெரியவில்லை, அவற்றுக்கு ஒன்றையொன்று தெரியவில்லை. தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வானொலிச் சொற்களைத் திருத்தக் கண்ணால் முடியாமல் போனது. பார்வைத் தூரம் குறையும்போது கட்டுப்பாட்டாளரின் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை கூடுகிறது.

படி 4: மேகங்கள்

வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எண்ணுவார்கள். எஃப்இடபிள்யூ 1 முதல் 2 பங்கு, எஸ்சிடி 3 முதல் 4, பிகேஎன் 5 முதல் 7, ஓவிசி முழுவதும். பின்னால் வரும் எண்ணை நூறால் பெருக்கினால் விமான நிலையத் தரையிலிருந்து அடிக்கணக்கில் உயரம். பிகேஎன்090 என்றால் 9,000 அடியில் பெரும்பகுதி மூடியிருக்கிறது.

நம் மாதிரியில் கண் நிற்க வேண்டிய இடம் எஸ்சிடி025சிபி. அந்த சிபி கார்திரள் மேகத்தை, அதாவது இடிமேகத்தைக் குறிக்கிறது. பாதி வானம்கூட மூடவில்லையே என்று கடந்து போகாதீர்கள். எவ்வளவு பரப்பு என்பது இங்கே இரண்டாம் பட்சம்.

படி 5: காற்றழுத்தம்

க்யூ1006 என்றால் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தம் 1006 ஹெக்டோபாஸ்கல். விமானத்தின் உயரமானி உண்மையில் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. எந்த அழுத்தத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

உயரத்தில் பறக்கும்போது எல்லோரும் 1013 என்ற பொது எண்ணை வைத்திருப்பார்கள். கீழே இறங்கும்போது 1006க்கு மாற்ற மறந்தால் என்ன ஆகும்? ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி. ஏழுக்கு ஏறக்குறைய 190 அடி. உயரமானி உண்மையைவிட அவ்வளவு கூடுதலாகக் காட்டும். விமானி நினைப்பதைவிட விமானம் தரைக்கு நெருக்கமாக இருக்கும். கட்டுப்பாட்டாளர் சொல்லும் அழுத்த எண்ணை விமானி திரும்பச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதைக் காதுகொடுத்துக் கேட்டுச் சரிபார்ப்பது கட்டுப்பாட்டாளரின் வேலை.

படி 6: இடிமேகத்தைத் தனியாக நடத்துங்கள்

முதல் ஐந்து படிகளில் எண்கள் மெதுவாக மாறும். இடிமேகத்தின் அருகே அவை நிமிடங்களில் மாறும். எனவே இதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

இடிமேகத்துக்கு மூன்று பருவங்கள் உண்டு. வளரும் பருவத்தில் காற்று மேலேறுகிறது. முதிர்ந்த பருவத்தில் மேலேறும் காற்றும் கீழிறங்கும் காற்றும் அருகருகே இருக்கும், மழை தரையைத் தொடும். மிகக் கொடிய பருவம் இதுவே. பிறகு கீழிறங்கும் காற்று மட்டும் எஞ்சி மேகம் தளர்கிறது.

முதிர்ந்த மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று ஒரு தூணைப் போல இறங்கித் தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறும். குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் தண்ணீர் தொட்டியின் அடியில் பட்டு விரிவதைப் போல. நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கும் அளவில் இது நடந்தால் மைக்ரோபர்ஸ்ட் என்பார்கள். இறங்கிக்கொண்டிருக்கும் விமானம் இதற்குள் நுழைந்தால் முதலில் எதிர்க்காற்று கிடைக்கிறது. வேகமானி ஏறுகிறது. விமானி எஞ்சின் விசையைக் குறைக்கத் தோன்றும் நேரம் அதுதான். அடுத்த சில நொடிகளில் மேலிருந்து அழுத்தும் காற்று, அதற்கடுத்துப் பின்காற்று. வேகமும் உயரமும் ஒரே நேரத்தில் சரிகின்றன.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் ஈஸ்டர்ன் 66 விமானம் இடிமழையில் இறங்கும்போது விழுந்தது. அந்த விபத்தை ஆராய்ந்த வானிலை ஆய்வாளர் டெட்சுயா ஃபுஜிடா இந்தக் காற்றின் இயல்பை விளக்கினார். அவர் கருத்தைப் பலர் உடனே ஏற்கவில்லை. 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் இறங்கவிருந்த டெல்டா 191 விமானம் மைக்ரோபர்ஸ்டில் சிக்கியது. 137 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விமானத்திலேயே விண்ட் ஷியர் (காற்றின் வேகமோ திசையோ சட்டென்று மாறுவது) எச்சரிக்கைக் கருவிகள் கட்டாயமாகத் தொடங்கின, விமான நிலையங்களில் காற்றின் அசைவை அளக்கும் டாப்ளர் ரேடார்கள் வந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது:

- கடுமையான இடிமேகத்துக்குக் குறைந்தது 20 கடல் மைல் தள்ளியே பறக்கத் திட்டமிடுங்கள்.
- கட்டுப்பாட்டாளராக இருந்தால், பல விமானங்கள் ஒரே நேரத்தில் வழிமாறக் கேட்கும் என்று எதிர்பார்த்து இடைவெளியை முன்பே கூட்டுங்கள். அண்டைப் பிரிவுகளுக்கும் சொல்லி வையுங்கள்.
- முன்னால் இறங்கிய விமானி வேகம் சட்டென்று குறைந்ததாகச் சொன்னால், அடுத்த விமானத்துக்கு அதே நிமிடம் சொல்லுங்கள். வேறு எந்த அறிக்கையும் அதைவிடப் புதியது அல்ல.
- மின்னலின்போது தரைப் பணியாளர்கள் வேலையை நிறுத்துவார்கள். நிறுத்துமிடங்கள் காலியாகாது. இறங்கியவர்களை எங்கே நிறுத்துவது என்றும் யோசித்து வையுங்கள்.

படி 7: முன்னறிவிப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்

டாஃப் என்பது விமான நிலையத்துக்கான முன்னறிவிப்பு. அதில் பிஇசிஎம்ஜி என்றால் நிலைமை மாறி அப்படியே நீடிக்கும். டெம்போ என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் வந்து போகும். டெம்போ 2410/2414 என்று இருந்தால் 24ஆம் நாள் 10 மணி முதல் 14 மணி வரை. வழியில் உள்ள பெரிய ஆபத்துகளுக்கு சிக்மெட் என்ற தனி எச்சரிக்கை உண்டு. எரிமலைச் சாம்பலும் அதில் வரும்.

பயிற்சி எளிது. ஏதாவதொரு விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கடைசி மூன்று மெட்டார்களையும் ஒரு டாஃபையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். காற்றின் திசை எந்தப் பக்கம் திரும்புகிறது, வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் இடைவெளி சுருங்குகிறதா, அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மூன்று அம்புக்குறிகள் போடுங்கள். பிறகு அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எந்த ஓடுபாதை என்று நீங்களே முடிவெடுத்து எழுதி வைத்துவிட்டு, நான்காவது மெட்டார் வந்ததும் சரிபாருங்கள்.