கால் கிரவுண்டில் ஒரு சோலார் வீடு

எங்கள் மனை தண்டையார்பேட்டையில் கால் கிரவுண்டு. 20க்கு 30 அடி. அப்பா காலத்து ஓட்டு வீட்டை இடித்துத் தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும்போது சோலாரும் வைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். முப்பது வருடமாக வயரிங் வேலை பார்ப்பவன் நான். வருகிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோவாட் போடலாம்ணா?" என்பதுதான். என் வீட்டைக் கட்டிய பிறகு, அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி வருகிறேன்.

காரணம் இடம். படிக்கட்டு அறை, தண்ணீர் டேங்க், துணி காயும் கொடி போக, மேற்கே உள்ள மூன்று மாடி வீட்டின் நிழலும் போக, எங்கள் மொட்டை மாடியில் நல்ல வெயில் விழும் இடம் 200 சதுர அடிதான். நடந்து போய்க் கழுவ வழி விட்டால் 540 வாட் பேனல் நான்கு, அதாவது 2 கிலோவாட்டுக்குச் சற்று மேல். சென்னை வெயிலில் 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஆக எங்களுக்குக் கிடைப்பது 8 யூனிட். பழைய வீட்டில் கோடையில் நாளுக்கு 17 யூனிட் ஓடியது. பேனலைக் கூட்ட முடியாது, செலவைத்தான் குறைக்க வேண்டும். வடசென்னையில் ஒட்டி ஒட்டி வீடு கட்டியிருக்கும் பெரும்பாலானோர் நிலைமை இதுதான்.

முதலில் கூரை. மே மாதம் இரவு பத்து மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி, மேல்மாடி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுடச்சுட இருக்கும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவில்தான் உள்ளே விடுகிறது. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி நம் மேல் தள்ளும், ஏசியும் அதோடுதான் மல்லுக்கட்டும். நாங்கள் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, அதன் மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டினோம். பட்ஜெட் இடிக்கிறதா? சுண்ணாம்பை இரண்டு கோட் அடியுங்கள். ஒவ்வொரு வருடமும் மாசியில் அடிக்க வேண்டியிருக்கும், ஆனால் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

அடுத்து காற்று. நமக்குக் கிழக்கே கடல். மதிய வாக்கில் கடல்காற்று ஏறும். அதை உள்ளே விட ஜன்னல் மட்டும் போதாது, உள்ளே வந்த காற்று வெளியே போகவும் வழி வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் முற்றம் அந்த வேலையைச் செய்தது. கால் கிரவுண்டில் முற்றத்துக்கு ஏது இடம்? படிக்கட்டையே முற்றமாக்கினோம். படிக்கட்டு அறையின் உச்சியில் மேற்குப் பக்கம் துளை வைத்த ஜாலிக் கல் வைத்தால், சூடான காற்று மேலே ஏறி அது வழியாகப் போய்விடும். கொசுவலை அடிக்க மறக்காதீர்கள். வெயில் நேராக அடிக்கும் சுவருக்கு மட்டும் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக்குமிழ் உள்ள லேசான கான்கிரீட் கல்) போடச் சொல்லுங்கள், செங்கல்லைவிடச் சூட்டைக் குறைவாகக் கடத்தும்.

இப்போது கணக்கு. பழைய ஃபேன் 75 வாட். ஐந்து ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 4.5 யூனிட். கரண்டைக் குறைவாகக் குடிக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட், அதே ஓட்டத்துக்கு 1.8 யூனிட். இரண்டு மாத பில்லில் இது மட்டும் 162 யூனிட் மிச்சம். பழைய ஒன்றரை டன் ஏசிக்குப் பதில், கூரை குளிர்ந்த அறைக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி போதுமாக இருந்தது. இரவு முழுக்க ஓடினாலும் 4, 5 யூனிட்தான். ஃபிரிட்ஜ், மோட்டார், விளக்கு, டிவி எல்லாம் சேர்த்து நாளுக்கு 9 யூனிட். ஏசி ஓடாத மாதங்களில் அதில் பாதி. முழு வருடக் கணக்கில் பார்த்தால் 2 கிலோவாட் தாராளம்.

பேனலைத் தெற்கு பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வில் வையுங்கள். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். நிழல் பார்க்க மார்கழியில் மாடி ஏறுவதே சரி. அப்போது சூரியன் தெற்கே தாழ்ந்து போகும், மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் உச்சிவேளையிலேயே இரண்டடிக்கு மேல் நீளும். காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்குச் சாக்பீஸால் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டு வையுங்கள். மூன்று கோட்டிலும் மாட்டாத இடம்தான் பேனலுக்கான இடம். ஒரு பேனலின் மூலையில் டேங்க் நிழல் விழுந்தால்கூட வரிசை மொத்தத்தின் உற்பத்தியையும் கீழே இழுத்துவிடும்.

ஸ்டாண்டை ஏழடி உயரத்தில் நிறுத்தினோம். கீழே துணி காயும், வடகம் காயும், தளத்துக்கும் நிழல். பேனலுக்கு அடியில் காற்று ஓடுவதும் முக்கியம். சித்திரையில் பேனல் 60 டிகிரிக்கு மேல் சூடாகும், 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீத அளவில் உற்பத்தி குறையும். ஆனால் உயரம் கூடினால் புயலுக்குப் பயப்பட வேண்டும். 2016 வர்தா அடித்தபோது இந்தப் பக்கம் தகரக் கூரைகள் பறந்ததை மறக்க முடியாது. அதனால் கால்களைத் தளத்தில் டிரில் போட்டு நிறுத்த விடாதீர்கள். கட்டும்போதே தூண் கம்பிகளை மேலே விடச் சொல்லி, அதன் மேல் கான்கிரீட் கட்டை எழுப்பி, பேஸ் பிளேட்டை அதில் முடுக்க வேண்டும்.

இன்னொரு எதிரி உப்புக்காற்று. காசிமேட்டில் தங்கை வீட்டுக்கு ஸ்டாண்ட் போட்டவர் சாதாரண போல்ட் முடுக்கிவிட்டுப் போனார். இரண்டே மழைக்காலம். நான் ஸ்பேனரை வைத்துத் திருப்பியதும் ஒரு போல்ட் தலை துருவோடு கையில் வந்துவிட்டது. மேலே நான்கு பேனல், கீழே குழந்தைகள் விளையாடும் இடம். ஆகவே ஹாட் டிப் கால்வனைஸ் செய்த, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு அல்லது அலுமினியம், போல்ட் நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பேனலுக்கு உப்புக்காற்றுச் சோதனைச் சான்று, ஐஇசி 61701, இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வயர் இறங்கும் பைப்பைச் சுவர் பூசும் முன்பே போட்டுவிடுங்கள். பேனலிலிருந்து வரும் டிசி கரண்டுக்கு ஒன்று, வீட்டுக்குப் போகும் ஏசி கரண்டுக்கு ஒன்று, எர்த்துக்குத் தனி. டிசியை ஏசியாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரை நாங்கள் முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், நெஞ்சு உயரத்தில் மாட்டினோம். 2023 மிக்ஜாம் வெள்ளம் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி. கரண்ட் போகும் நேரத்துக்காகப் பழைய வீட்டு இன்வெர்ட்டரையும் 150 ஏஎச் பேட்டரியையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டோம். நான்கு பிஎல்டிசி ஃபேனும் சில விளக்குகளும் ஐந்து, ஆறு மணி நேரம் ஓடுகின்றன.

மானியம் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. திட்டத்தில் பதிவு செய்த நிறுவனம், இந்தியாவிலேயே செய்த செல் உள்ள பேனல் என்றால்தான் கிடைக்கும்.

அப்புறம் கழுவுவது. எண்ணூர், மணலிப் பக்கத்துத் தூசியும் லாரிப் புழுதியும் பத்து நாளில் பேனலைச் சாம்பல் நிறமாக்கிவிடும். விடிந்ததும், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய துணி மாப்பால் துடையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் கட்டும், பிறகு தேய்த்தாலும் போகாது. மெட்ரோ தண்ணீர் ஒரு பக்கெட் போதும். அன்றன்றைக்கு இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நல்ல வெயிலிலும், கழுவிய பிறகும், எண் ஏறவில்லை என்றால் நிழலையும் கனெக்டரையும் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள்.