குவாண்டம் உருவகப்படுத்தல்: மீக்கணினி நேரத்தை விழுங்கும் தவறுகள்

குவாண்டம் சுற்றை, அதாவது க்யூபிட்டுகள் மீது செயல்படும் கேட்டுகளின் வரிசையை, மீக்கணினியில் உருவகப்படுத்தும்போது நினைவகம் போதாமல் நிரல் பாதியில் நின்றுவிட்டால் பிழை தானாகத் தெரிந்துவிடும். விடை சரியாக வந்து, நேரம் மட்டும் பன்மடங்கு கரையும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புதியவர்கள் ஆண்டுதோறும் விழுகிற குழிகள் அவைதான்.

உண்மைக் கருவிக்கென மாற்றிய சுற்றை உருவகப்படுத்துவது

36 க்யூபிட் ஃபூரியர் உருமாற்றத்தை 64 கணுக்களில் (வலையமைப்பால் இணைந்த தனிக் கணினிகளில்) ஓட்டுவதாகக் கொள்வோம். க்யூபிட்டுகளின் நிலையைக் குறிக்கும் நிலைத்திசையனில் 2-இன் 36-ஆம் அடுக்கு அளவிலான கலப்பெண்கள், ஒவ்வொன்றும் 16 பைட். மொத்தம் 1 டெராபைட், கணுவுக்கு 16 ஜிகாபைட். கீழுள்ள 30 க்யூபிட்டுகள் கணுவுக்குள்ளேயே அடங்கிவிடும். மேலுள்ள 6 க்யூபிட்டுகளே கணுவின் எண்ணைத் தீர்மானிக்கின்றன. அந்த ஆறில் ஒன்றைப் புரட்டும் கேட் வந்தால் தரவு வலையமைப்பைக் கடந்தாக வேண்டும். ஆனால் மூலைவிட்ட அணியாக அமைந்த கேட் ஒவ்வொரு கலப்பெண்ணையும் இருந்த இடத்திலேயே பெருக்கிவிட்டுப் போகும். அதற்குப் பரிமாற்றமே தேவையில்லை.

இந்தச் சுற்றின் 630 கட்டுப்பாட்டுக் கட்ட (controlled-phase) கேட்டுகளும் மூலைவிட்டமானவை. ஆகவே மேல் ஆறு க்யூபிட்டுகளின் ஹடமார்டு கேட்டுகளுக்கு (இவை மூலைவிட்டமல்லாதவை) மட்டும், அதாவது ஆறே முறை, பரிமாற்றம் போதும். இறுதியில் வரும் 18 இடமாற்றங்களைக் க்யூபிட்டுகளின் பெயரை மாற்றியே முடித்துவிடலாம். இவ்வளவு வசதியான சுற்றை எடுத்து, பழக்கதோஷத்தில் முதலில் உண்மைக் கருவியின் அடிப்படை கேட்டுகளுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்ட கேட்டும் இரண்டு சிநாட் கேட்டுகளாகவும் (ஒரு க்யூபிட் 1 ஆக இருந்தால் இலக்கு க்யூபிட்டைப் புரட்டுபவை) சில சுழற்சிகளாகவும் உடைகிறது. மேல் ஆறு க்யூபிட்டுகள் இலக்காக அமையும் இணைகள் 195. அவற்றிலிருந்து பிறக்கும் சிநாட் கேட்டுகள் 390. அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு கணுவும் 8 ஜிகாபைட்டைத் தன் இணைக் கணுவுக்கு அனுப்பி, அதே அளவைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஓர் ஆய்வு மாணவர் "சார், நெட்வொர்க் ரொம்ப ஸ்லோ, 128 நோடு கேட்கலாமா?" என்று வந்தார். கணுக்களை இரட்டித்தால் வெளியே நிற்கும் க்யூபிட்டுகள் ஏழாகிச் சிக்கல் கூடத்தான் செய்யும். சுற்றை அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன். பக்கம் பக்கமாகச் சிநாட். வன்பொருளின் இரைச்சலை ஆராய்வதாக இருந்தால் அந்த மாற்றத்தில் பொருளுண்டு. அல்காரிதத்தை மட்டும் சரிபார்ப்பவருக்கு அது வீண் சுமை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்து வருபவர் அதையே செய்துகொண்டு வருவது இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இடையகத்தை மறப்பது

பரிமாற்றத்தில் வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடையகம் நிலைத்திசையனின் அளவுக்கே இன்னொரு மடங்கு இடம் கேட்கக்கூடும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் சுற்றை மீண்டும் ஓட்டுவது

அளவீடு இறுதியில் மட்டும் இருந்தால் ஒருமுறை ஓட்டினாலே போதும்; எல்லா மாதிரிகளையும் அந்த ஒரே நிலைத்திசையனிலிருந்து எடுக்கலாம்.

ஒற்றைத் துல்லியத்தை நம்புவது

கலப்பெண்ணுக்கு 16 பைட்டுக்குப் பதில் 8 பைட் என்று நினைவகத்தைப் பாதியாக்கினாலும், கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு க்யூபிட்.

எதற்கும் நிலைத்திசையனையே நாடுவது

2019-இல் கூகுள் தனது 53 க்யூபிட் சோதனைக்குச் சம்மிட் மீக்கணினியில் 10,000 ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டபோது, வட்டுச் சேமிப்பையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் மறுத்தது. சுற்றைச் சிறு அணிகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடும் டென்சர் வலைப்பின்னல் முறைகள் பின்னர் அந்தச் செலவை மேலும் குறைத்தன. கிளிஃபர்டு கேட்டுகள் (ஹடமார்டு, சிநாட் போன்றவை) மட்டுமே கொண்ட பிழைதிருத்தச் சுற்றுகளுக்கோ மீக்கணினியே வேண்டாம்; ஆயிரம் க்யூபிட்டானாலும் மடிக்கணினி தாங்கும். இடையே அந்த வகையில் சேராத சில டி கேட்டுகள் கலந்திருந்தாலும், செலவு அவற்றின் எண்ணிக்கையைப் பொறுத்து அடுக்குக்குறியாக ஏறுமே தவிர, க்யூபிட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அப்படி ஏறாது.