அரச காணியில் திட்டம் வருகிறதா? மரத்துக்கும் மிருகத்துக்கும் வரும் ஆபத்தை நீங்களே கணக்குப் பார்க்கலாம்

ஊரில் ஒரு அரச காணி. மைதானமோ, வீதியோ, சுற்றுலா விடுதியோ வரப்போகிறது என்று பிரதேச செயலகத்தில் பேச்சு அடிபடுகிறது. கூட்டத்துக்குப் போனால் ஒருவர் எழும்பி "காட்டை அழிக்காதீங்க" என்பார். இன்னொருவர் "பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?" என்று கேட்பார். அத்தோடு கூட்டம் கலைந்துவிடும். அதிகாரியின் கோப்பில் ஒரு வரிகூட ஏறியிருக்காது.

கோப்பில் ஏற வேண்டுமென்றால் எது, எதனால், எவ்வளவு கெடும் என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். திருகோணமலை மாவட்டத்து இடங்களை வைத்தே அதைச் செய்து பார்ப்போம். தாவரவியல் படித்திருக்கத் தேவையில்லை.

படி 1: வரைபடத்தை எடுத்து, கோட்டுக்கு வெளியே பாருங்கள்

திட்டத்தின் எல்லை வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். வரைபடம் கிடைத்ததும் கூகுள் எர்த்தில் அதே இடத்தைத் திறந்து, பழைய ஆண்டுப் படங்களையும் புரட்டிப் பாருங்கள். முன்பு பச்சையாக இருந்து இப்போது வெளுத்துப்போன துண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு கோட்டுக்கு வெளியே வாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து எல்லைக்கல் பார்த்து நிற்பதில்லை. காணிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேர்கிறது? பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட இடம் இருக்கிறதா? நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. தேசிய பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்வதானாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். புறாத்தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது. அப்படியானால் நிலாவெளிக் கரையிலும் ஒரு துண்டு அந்த ஒரு மைலுக்குள் விழுகிறது. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

படி 2: இரண்டு காலத்திலும் போய்ப் பாருங்கள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து பொட்டலாகத் தெரியும் காணி, மாரியில் கொக்கும் உள்ளானும் நிறைந்த நீர்நிலையாக மாறியிருக்கும். கோடையில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதிய அறிக்கையை நம்பாதீர்கள். மாரி வரை பொறுக்க முடியாவிட்டால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பட்டிக்காரர், விறகு பொறுக்கும் பெண்கள், வீச்சுவலை போடுபவர்கள் எல்லாம் வருடம் முழுக்க அந்தக் காணியைப் பார்ப்பவர்கள்.

படி 3: அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள்

அரிய உயிரினத்தை மட்டும் தேடி அலைய வேண்டாம். பிரெட்ரிக் கோட்டையைச் சுற்றி நகருக்குள் திரியும் புள்ளிமான்களைப் பாருங்கள். பயணிகள் ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். அதே மான்கள் குப்பையில் கிடக்கும் பொலித்தீனையும் சாப்பிட்டுவிடுகின்றன. நகரத் திட்டத்தில் குப்பைத் தொட்டி எங்கே வைப்பது என்பதும் வனவிலங்குப் பிரச்சினைதான்!

கந்தளாய், மொரவெவ, சேருவில, வெருகல் பக்கம் என்றால் யானைத் தடத்தைத் தேடுங்கள். முன்காலின் தடம் கிடைத்தால் அதன் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஏறக்குறைய அந்த யானையின் தோள் உயரம். பெரிய தடங்களோடு சின்னத் தடங்களும் கலந்து கிடந்தால் குட்டிகளோடு கூட்டம் போகிறது என்று பொருள். தனி ஆண் யானை எப்போதாவது வந்துபோன இடமும், கூட்டம் வழக்கமாகப் போகும் பாதையும் ஒன்றல்ல. பாதையில் மின்வேலியோ மதிலோ வந்தால் கூட்டம் பக்கத்து வயலுக்குத்தான் திரும்பும்.

படி 4: சங்கிலி எழுதுங்கள்

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். "சுற்றாடல் பாதிக்கப்படும்" என்ற வரி எந்த அதிகாரியையும் அசைக்காது. செயல், அதனால் மாறுவது, அதனால் கெடுவது என்று மூன்று கண்ணியாக எழுதுங்கள்.

ஒரு கற்பனைத் திட்டம்: கிண்ணியாப் பக்கம் களப்போரத்தில் ஒரு கண்டல் காடு. அதன் மூலையில் கிரவல் கொட்டி மைதானமும், அதற்குப் போக ஒரு வீதியும் போடப் போகிறார்கள். மைதானத்துக்காக வெட்டுவது கொஞ்ச மரம்தான். அதைப் பார்த்து ஆறுதல்படாதீர்கள், வீதியைப் பாருங்கள்.

வெண்கண்டலின் அடியில் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வீதி குறுக்கே வந்து, போதிய மதகு வைக்காமல் விட்டால், ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி வேர்கள் மூழ்கியே கிடக்கும். மறுபக்கம் கடல்நீர் ஏறாமல் சேறு காய்ந்து, மேலே உப்பு பூக்கும். இரண்டு பக்கமும் மரம் நின்றபடியே பட்டுப்போகும். கோடரி படாத மரங்கள் அவை. அப்புறம் இறால் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை, களப்பில் வலை போடுபவருக்கு மீன்பாடும் இல்லை.

சங்கிலி இப்படி வரும்: மதகு போதாத வீதி → நீரேற்றம் தடைப்படுதல் → வீதிக்கு இருபுறமும் கண்டல் பட்டுப்போதல், இறால் குறைதல். கிரவல், குப்பை, இரவு வெளிச்சம், ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) பரவல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கிலி எழுதுங்கள்.

படி 5: புள்ளி போடுங்கள்

ஒவ்வொரு சங்கிலிக்கும் மூன்று கேள்வி. அந்த இடத்தில் எத்தனை பங்கைத் தொடும்? தொட்ட இடத்தில் எவ்வளவு மோசமாகக் கெடுக்கும்? திரும்பச் சரிவருமா? முதல் இரண்டுக்கும் 1 முதல் 4 வரை கொடுங்கள்: 10 சதவீதம் வரை 1, 30 வரை 2, 70 வரை 3, அதற்கு மேல் 4. இரண்டில் குறைந்ததே அந்த ஆபத்தின் அளவு. நம் உதாரணத்தில் கிரவல் கொட்டுவது பரப்பில் 1, கடுமையில் 4, ஆகவே 1. வீதி பரப்பில் 3, கடுமையிலும் 3, ஆகவே 3. எல்லோரும் கத்திக்கொண்டிருந்த கிரவலை வீதி முந்திவிட்டது பாருங்கள். மூன்றாவது கேள்வி, அளவு சமமாக வரும்போது எதை முன்னுக்கு வைப்பது என்று தீர்மானிக்க உதவும்.

தனியாக இருந்து புள்ளி போடாதீர்கள். மீனவர் சங்கத்தில் ஒருவர், விவசாயி ஒருவர், ஒரு ஆசிரியர் என்று நாலு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். எங்கே பெரிய வித்தியாசம் வருகிறதோ, அந்த இடத்துக்குத் திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டும்.

படி 6: சட்டத்தின் அளவுகோலோடு பொருத்திக் கொடுங்கள்

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வந்த வர்த்தமானியில், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்கு உட்படும் வேலைகளின் பட்டியல் இருக்கிறது. 1 ஹெக்டேருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 4 ஹெக்டேருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்புவது, 99 அறைக்கு மேற்பட்ட விடுதி என்பன அதில் அடங்கும். 4 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 10 ஏக்கர். ஒரே திட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து இந்த அளவுக்குள் அடக்கியிருக்கிறார்களா என்று கூட்டிப் பாருங்கள். முழு மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கும்.

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பக்கத்தில் புள்ளி அட்டவணை. இரண்டாவதில் வரைபடமும், திகதியோடு நாலைந்து படங்களும், கூடவே ஒரு மாற்று யோசனையும்: வீதியை மேட்டுப் பக்கமாகத் திருப்புங்கள், அல்லது நீரோடும் இடங்கள் எல்லாவற்றிலும் மதகு வையுங்கள் என்று. தமிழிலேயே எழுதுங்கள். பிரதேச செயலகத்துக்கு ஒன்று, மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு ஒன்று. உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிய பிறகே அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள்.