பெரிய கல்லுக்குப் பொல்பலா போதாது

என் இடது சிறுநீரகத்தில் 34 மில்லிமீற்றர் கல். மான்கொம்பு போலக் கிளைவிட்டிருந்தது. வலி பெரிதாக இல்லாததால் புறக்கோட்டையில் பொல்பலா என்ற மூலிகையை வாங்கி, நாலு மாதம் குடித்தேன். அடுத்த ஸ்கானிலும் கல் அப்படியே இருந்தது.

5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே சலத்தோடு வந்துவிடும். 2 சென்ரிமீற்றரைத் தாண்டியது வராது. வலிக்கவில்லை என்று விட்டுவைத்தால், சத்தமில்லாமல் சிறுநீரகத்தையே தின்றுவிடும். ஆகவே யூரோலொஜி (சிறுநீரக, சலப்பாதை) நிபுணரிடம் போங்கள். சி.ரி. ஸ்கான் படத்தையும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கையோடு கொண்டு போங்கள். கல் சிறுநீரகத்துக்குள் எந்தக் கிளையில் இருக்கிறது, எவ்வளவு கடினம், அந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது சின்னக் கல்லுக்குச் சரி. என்னைப் போன்றவர்களுக்கு முதுகில் ஒரு சென்ரிமீற்றர் அளவு துளை போட்டு, உள்ளே கமரா விட்டு, கல்லை நொறுக்கி எடுப்பார்கள். ஒரே தடவையில் முடியும் என்று எண்ண வேண்டாம். எனக்கு இரண்டு தடவை. இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து குடிப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் சலத்தில் கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் பார்ப்பார்கள். இதைச் சும்மா சடங்கு என்று நினைக்காதீர்கள், கிருமியோடு கல்லை உடைத்தால் அது இரத்தத்தில் கலக்கும். கல் இருக்கும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், நடு இரவானாலும் ஓட்டோ பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

இப்போது என் மனக்குறை. சிறுநீரகத்திலிருந்து சலப்பை வரைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தார்கள். அதை எடுக்கும் திகதியை யாரும் சொல்லவில்லை, டிஸ்சார்ஜ் துண்டிலும் இல்லை. குழாய் வெளியில் தெரியாது. சலம் போகும்போது ஒரு இழுப்பு மட்டும் இருக்கும், அதுவும் பழகிவிடும். மனைவி போன் பண்ணிக் கேட்டிராவிட்டால் நான் மறந்தே போயிருப்பேன். மாதக்கணக்கில் கிடந்தால் குழாயின் மேலேயே கல் படியும், பிறகு அதை எடுக்கவே இன்னொரு சத்திரசிகிச்சை. வீட்டுக்கு வருமுன் திகதியை எழுதி வாங்குங்கள், கலண்டரிலும் வட்டம் போடுங்கள்.

எடுத்த கல்லின் துண்டை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். யூரிக் அமிலக் கல் என்றால் மருந்திலேயே கரைக்க முடியும். என்னுடையது கிருமியால் வந்த கல். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் திரும்ப வளரும் என்று டொக்டர் சொன்னார். அதனால்தான் இரண்டாவது தடவை.

சாப்பாட்டில் உப்பைக் குறைத்தேன். கருவாடு இப்போது எப்போதாவது. பாலை நிறுத்தத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னது எனக்கே ஆச்சரியம். கமரங்காவை (நட்சத்திரப் பழம்) மட்டும் தொடுவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றர் சலம் போக வேண்டுமாம். கொழும்பு வெக்கையில் பாதி வியர்வையாகப் போய்விடும். ஆகவே குடித்ததைக் கணக்கு வைப்பதை விட்டுவிட்டு, ஒரு பழைய போத்தலில் போவதை அளக்கிறேன்.