ஆளைத் தேடாமல் ஊரைத் தேடுங்கள்

புதிய நண்பர்களுடன் முதுகுப்பை சுமந்து வெளிநாடு செல்லும்போது மூதாதையரின் ஊரையும் காண விரும்புவோர், குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் (FamilySearch) இணையதளத்தின் அட்டவணையில் (Catalog) ஆளின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயரைத் தந்து, பிறப்பு போன்றவற்றைக் குறித்த அவ்வூர்ப் பதிவேடுகளின் படங்களைப் புறப்படும் முன்பே பார்த்துவிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. பழைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடியே ஆட்பெயர்களை எழுதியதால் பெயர்த் தேடல் அடிக்கடி ஏமாற்றும். ஊர்ப்பெயர் அந்த அளவுக்குச் சிதைவதில்லை. மூல ஏடுகள் பல நாடுகளில் கிராமத்தில் இராமல் மாவட்டத் தலைநகரின் ஆவணக் காப்பகத்தில் இருப்பதால், முன்பே படங்களைப் பார்த்துவிட்டால் அங்கே அலையும் ஒரு பயண நாளும் (உடன் வருவோரின் பொறுமையும்) மிஞ்சும். அண்மைக் காலப் பதிவுகளுக்கு இது உதவாது: பிரான்சில் பிறப்புப் பதிவேடுகள் 75 ஆண்டுகள் வரை பொதுப் பார்வைக்கு வருவதில்லை. சில படங்களை ஃபேமிலிசர்ச் நிறுவனத்தின் மையங்களில் மட்டுமே காண முடியும்.