நேபாளத்தில் இருந்து வேலை பார்க்கலாமா? கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு மூன்று மாதம் தங்கி, ஊரில் உள்ள ஆபீஸ் வேலையை ஆன்லைனில் பார்க்க நேபாளம் அருமையான இடம், வருடம் முழுக்க இருப்பதற்கு நான் சொல்லமாட்டேன்.

முதலில் விசா. இந்தியக் குடிமக்களுக்கு விசாவே வேண்டாம். மற்ற நாட்டவர் பெரும்பாலோர் காத்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம். 30 நாளுக்கு 50 டாலர், 90 நாளுக்கு 125 டாலர், ஆனால் சுற்றுலா விசாவில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 150 நாள்தான் உச்சவரம்பு. இந்தியரோ மற்றவரோ, 365 நாளில் 183 நாள் அங்கே இருந்துவிட்டால் வரிச் சட்டப்படி அந்நாட்டுக் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள் என்பதையும் நாள் கணக்குப் போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இணையம். காத்மாண்டு, போக்கரா இரண்டிலும் ஃபைபர் நன்றாகவே கிடைக்கிறது, பழைய மணிக்கணக்கான மின்வெட்டும் இப்போது இல்லை. ஆனாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், வீட்டுக்காரரிடம் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் இன்வர்ட்டரில் விளக்கு எரியும், ஆனால் வைஃபை போய்விடும். ரவுட்டரை இன்வர்ட்டர் லைனில் கொடுத்திருக்கமாட்டார்கள். கூடவே என்செல், நேபாள் டெலிகாம் இரண்டு சிம்மும் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் அரசு வாட்ஸ்அப், யூடியூப் உட்பட 26 தளங்களை முடக்கியது, சில நாளில் போராட்டம் வெடித்து ஆட்சியே கவிழ்ந்தது. அதனால் ஆபீஸோடு பேச ஒரே ஒரு செயலியை நம்பிப் போகாதீர்கள்.

எப்போது போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, நிலச்சரிவில் நெடுஞ்சாலைகள் அடைபடும், போக்கராவில் கொட்டித் தீர்க்கும். பிப்ரவரிக்கு மேல் மழை வரும்வரை காத்மாண்டு பள்ளத்தாக்கில் புகையும் காட்டுத்தீ மூட்டமும் சேர்ந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும், ஆஸ்துமா இருந்தால் அந்த மாதங்களை அடியோடு தவிர்த்துவிடுங்கள். ஜனவரியிலும் காத்மாண்டுவில் காற்று மாசு அதிகம்தான், கூடவே பெரும்பாலான வீடுகளில் ஹீட்டிங் கிடையாது, காலையில் கீபோர்டில் விரல் விறைக்கும். அக்டோபர், நவம்பர்தான் பொன்னான காலம். தசைன் பண்டிகை வாரத்தில் மட்டும் கடை, ஆபீஸ் எல்லாம் மூடியிருக்கும், பஸ் டிக்கெட்டும் கிடைக்காது.

இடம்? மீட்டிங் அதிகம் என்றால் காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூரின் ஜம்சிகேல் பக்கம். தனியாக உட்கார்ந்து புரோகிராம் எழுதும் வேலை என்றால் போக்கராவின் லேக்சைடு. அங்கே சாலையை ஒட்டிய அறை வேண்டாம், பின்தெருவில் பாருங்கள், ராத்திரி இசைச் சத்தம் இருக்காது. அப்புறம், நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும், காலண்டரில் நேர மண்டலத்தை மாற்றிவிட்டே முதல் மீட்டிங்கை வையுங்கள்.